விட்டேக்கர் தோற்றாரா, தோற்கடிக்கப்பட்டாரா?

குத்துச்சண்டைத் தீர்ப்புகளைப் பற்றிக் கேட்டு எழுதும் வாசகர்களிடமிருந்து ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: பெர்னல் விட்டேக்கர். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் நார்ஃபோக்கில் 1964-இல் பிறந்தவர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் லைட்வெயிட் தங்கம். பிறகு நான்கு எடைப் பிரிவுகளில் உலக சாம்பியன், அதில் நீண்ட காலம் ஆண்டது 147 பவுண்டு வெல்டர்வெயிட்டை. ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர் ஸ்வீட் பீ. இந்த முறை பகுதி முழுக்க அவருக்கே.

கேள்வி: ஐயா, 40 வெற்றி, 4 தோல்வி, 1 டிரா என்று ரெக்கார்டு புத்தகம் சொல்கிறது. ரசிகர்களைக் கேட்டால் எல்லாத் தோல்வியுமே ஏமாற்று வேலை என்கிறார்கள். உங்கள் கணக்கு என்ன?

பதில்: எல்லாத் தோல்வியும் ஏமாற்று என்பது அவரை நேசிப்பவர்களின் பேச்சு. நானும் அவரை நேசிப்பவன்தான், ஆனாலும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் நியாயம் தெரியும்.

1988-இல் ஹொசே லூயிஸ் ராமிரெஸிடம் தோற்றதாகச் சொன்னது அப்பட்டமான அநியாயம். 1993-இல் ஹூலியோ சீசர் சாவேஸோடு டிரா என்றது அதைவிடப் பெரிய அநியாயம். 1997-இல் ஆஸ்கார் டி லா ஹோயாவிடம் தோற்றது இப்படியும் போயிருக்கலாம், அப்படியும் போயிருக்கலாம், ஆனால் கொடுத்த புள்ளி வித்தியாசம் தவறு. 1999-இல் ஃபெலிக்ஸ் டிரினிடாட்டிடம் தோற்றது சுத்தமான தோல்வி, அதில் பேச ஒன்றுமில்லை. 2001-இல் கார்லோஸ் போஹோர்கெஸோடு நான்காவது சுற்றில் காறை எலும்பு உடைந்து நின்றுபோன சண்டையையும் புகாராக எடுத்துவர முடியாது. அப்போது அவருக்கு 37 வயது, வந்திருக்கவே கூடாது.

இங்கேதான் ரசிகர்கள் வசதியாக மறந்துவிடும் ஒன்று வருகிறது. 1996 ஏப்ரலில் செயின்ட் மார்ட்டின் தீவில் வில்ஃப்ரெடோ ரிவெராவோடு நடந்த முதல் சண்டை. பிளவுத் தீர்ப்பில், அதாவது மூன்று நடுவர்களில் இருவர் ஒரு பக்கமும் ஒருவர் எதிர்ப்பக்கமும் நின்ற தீர்ப்பில், விட்டேக்கர் ஜெயித்ததாக அறிவித்தார்கள். அன்றைக்கு ரிவெரா ஜெயித்தார் என்றுதான் நான் நினைக்கிறேன், அப்படி நினைப்பவர்கள் நிறையப் பேர். நமக்கு வேண்டியவருக்கு நடந்த அநியாயத்தை மட்டும் எண்ணிவிட்டு, அவருக்குக் கிடைத்த சலுகையை விட்டுவிட்டால் அது கணக்கே இல்லை.

ஆக, ராமிரெஸும் சாவேஸும் வெற்றிப் பக்கம், ரிவெரா தோல்விப் பக்கம், டி லா ஹோயா டிரா. என் கணக்கில் 41 வெற்றி, 3 தோல்வி, 1 டிரா. பார்த்தால் பெரிய மாற்றம் மாதிரித் தெரியாது. ஆனால் ராமிரெஸ், சாவேஸ் தீர்ப்புகள் இரண்டும் ஒழுங்காக வந்திருந்தால், 1999-இல் டிரினிடாட்டைச் சந்திக்கப் போன மனிதரின் வரலாறே வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

கேள்வி: ராமிரெஸ் சண்டையில் அப்படி என்னதான் நடந்தது? அதைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்வதில்லை.

பதில்: 1988 மார்ச் 12, பாரிஸை ஒட்டியுள்ள லெவல்லுவா. விட்டேக்கர் அதுவரை 15 சண்டை, 15 வெற்றி. ராமிரெஸ் மெக்ஸிகோக்காரர், டபிள்யூபிசி (உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில்) லைட்வெயிட் சாம்பியன், நூறு சண்டைக்கு மேல் பார்த்த பழம் பெருச்சாளி. விட்டேக்கர் வலது கை ஜாபை (முன்னால் நீட்டிய கையால் சட்டென்று நேராக விடும் குத்து) வைத்தே அவரைக் கட்டிப்போட்டார், ராமிரெஸ் முன்னால் வந்துகொண்டே இருந்தார், வந்தாரே தவிர சேர வேண்டிய இடத்துக்கு அவர் குத்து சேரவில்லை. பிற்பாதியில் விட்டேக்கர் வேகத்தைக் குறைத்துக்கொண்டார், அது உண்மை. அந்தச் சுற்றுகளைத் தாராளமாக ராமிரெஸுக்கே கொடுத்தாலும் கணக்கு இடிக்கிறது. மூன்று நடுவர்களில் இரண்டு பேர் சாம்பியனுக்குக் கொடுத்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் ராமிரெஸுக்கும் சாவேஸுக்கும் பட்டங்களை ஒன்றாக்கும் சண்டை நடந்தது. அந்தப் பெரிய சண்டையைக் காப்பாற்றத்தான் இந்தத் தீர்ப்பு என்று அப்போதே பேச்சு அடிபட்டது. அதற்கு ஆதாரம் எதுவும் வெளிவந்ததில்லை, அதனால் நான் அதைப் பேச்சாகத்தான் சொல்கிறேன். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சொந்த ஊர் நார்ஃபோக்கில் ராமிரெஸ் மறுபடி எதிரில் வந்தார். ஒருமனதான தீர்ப்பு, பெரிய வித்தியாசம், விட்டேக்கருக்கு வெற்றி. முதல் சண்டையில் யார் ஜெயித்தார் என்பதற்கு அதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

கேள்வி: சாவேஸ் சண்டை. ஒரே கேள்விதான் சார். கொள்ளையா இல்லையா?

பதில்: கொள்ளை.

சுருக்கமாகச் சொல்லிவிட்டேன், இனி ஏன் என்று சொல்ல வேண்டும். 1993 செப்டம்பர் 10, டெக்ஸாஸில் சான் அன்டோனியோவின் அலமோடோம், சுமார் 60,000 பேர், பெரும்பாலும் சாவேஸுக்காக வந்த கூட்டம். சாவேஸ் 87 சண்டையில் 87 வெற்றி, தோல்வியே பார்க்காதவர். விட்டேக்கர் அதே ஆண்டு மார்ச்சில் பட்டி மெக்கர்ட்டிடமிருந்து வாங்கிய டபிள்யூபிசி வெல்டர்வெயிட் பட்டத்தைப் பணயம் வைத்து இறங்கினார், எடை வரம்பு மட்டும் 145 பவுண்டு என்று ஒப்பந்தம்.

முதல் சில சுற்றுகள் சாவேஸுடையவை என்றால் நான் வாதாட மாட்டேன். அதற்கப்புறம் நடந்ததுதான் விசேஷம். விட்டேக்கர் ஓடி ஒளிந்து புள்ளி சேர்த்தார் என்று நினைப்பவர்கள் அந்தச் சண்டையைப் பார்க்கவில்லை. அவர் சாவேஸின் வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டார். நெஞ்சோடு நெஞ்சு மோதும் தூரத்தில், உடம்பைக் குறிவைத்து அடிப்பதில் உலகத்திலேயே பெரிய ஆளான சாவேஸுக்கு எதிரே, தோளால் முட்டி இடம் பண்ணி, இடது கையை விலாவில் இறக்கி, அவர் பதிலுக்கு அடிப்பதற்குள் அரை அடி பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறார். சாவேஸின் வலது கை காற்றை அடிக்கிறது, திரும்பிப் பார்த்தால் ஜாப் முகத்தில். ஒன்பதாவது சுற்றில் சாவேஸ் முகத்தைப் பாருங்கள், வழி தெரியாமல் நிற்கிறார். அரங்கத்தின் சத்தம் சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே போனது, அந்தக் கூட்டத்துக்கே தெரிந்திருந்தது.

இப்போது ஸ்கோர் கார்டுக்கு வருவோம், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. பன்னிரண்டு சுற்றுக்கு இருவர் புள்ளியையும் கூட்டினால் 228 வர வேண்டும். நாக்டவுன் (குத்து வாங்கிக் கீழே விழுவது) இருந்தாலோ தவறுக்காகப் புள்ளி வெட்டினாலோ குறையும், நடுவர் ஒரு சுற்றைச் சமம் என்று 10-10 போட்டால் ஒன்று கூடும். அன்றைக்கு யாரும் விழவில்லை. டெக்ஸாஸைச் சேர்ந்த ஜாக் உட்ரஃப் 115-113 என்று விட்டேக்கருக்குக் கொடுத்தார், கூட்டினால் 228, அதாவது ஏழு சுற்று விட்டேக்கருக்கு, ஐந்து சாவேஸுக்கு. இங்கிலாந்தின் மிக்கி வானும் சுவிட்சர்லாந்தின் ஃபிரான்ஸ் மார்ட்டியும் ஆளுக்கு 115-115. கூட்டினால் 230. அப்படியென்றால் இருவருமே குறைந்தது இரண்டு சுற்றுகளை 'யாருக்கும் இல்லை' என்று தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். சமச்சுற்று போடுவது விதியில் உள்ளதுதான், ஆனால் அது எப்போதாவது கைவைக்க வேண்டிய மருந்து. நெருக்கமான சுற்றில் யார் ஒரு குத்தாவது கூடுதலாகச் சுத்தமாக இறக்கினார் என்று முடிவு சொல்லத்தான் நடுவரை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். 87 வெற்றி பெற்ற ஒரு மாமனிதருக்கு அவர் ரசிகர்கள் முன்னாலேயே தோல்வி எழுத மனம் வராதபோது, பேனா தானாகவே 10-10 பக்கம் சாயும். அடுத்த வாரம் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை அட்டையிலேயே 'கொள்ளையடிக்கப்பட்டார்!' என்று போட்டது. பட்டம் விட்டேக்கரிடமே இருந்தது, சாம்பியன் டிரா செய்தால் பட்டம் போகாது. ஆனால் சாவேஸின் முதல் தோல்வி என்ற பெருமை நான்கு மாதம் கழித்து, 1994 ஜனவரியில், ஃபிராங்கி ராண்டல் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அது விட்டேக்கருக்கு உரியது.

கேள்வி: நான் சாவேஸ் ரசிகன். எங்கள் ஆள் பழக்கமில்லாத எடையில் ஏறி வந்தார், சண்டை முழுக்க முன்னால் போனவரும் அவர்தான். விட்டேக்கர் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஆடினார். இதையும் எழுதுவீர்களா?

பதில்: தாராளமாக எழுதுகிறேன். சாவேஸ் 140 பவுண்டு சாம்பியன், அதைவிட அதிக எடை வரம்புக்கு ஏறி வந்தார், அது அவருடைய துணிச்சல். ஆனால் எடை ஏறி வந்ததற்காகப் புள்ளி கொடுக்கும் விதி எங்கும் இல்லை. தவிர, விட்டேக்கரும் 135 பவுண்டு லைட்வெயிட்டில் தொடங்கியவர்தான், 147-க்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

முன்னால் போனதைப் பற்றி: நடுவர்கள் பார்க்க வேண்டியது நான்கு. சுத்தமாக விழுந்த குத்து, பலன் தந்த தாக்குதல், ரிங்கை யார் ஆள்கிறார், தற்காப்பு. இரண்டாவதில் 'பலன் தந்த' என்ற வார்த்தை சும்மா போடப்பட்டதல்ல. முன்னால் நடந்துபோய்க் குத்து வாங்கிக்கொள்வது தாக்குதல் கணக்கில் வராது. சாவேஸை நானும் மதிக்கிறேன். 1990 மார்ச்சில் மெல்ட்ரிக் டெய்லரோடு நடந்த சண்டையில் இரண்டு நடுவர் கணக்கில் பின்தங்கியிருந்து, கடைசிச் சுற்றில் டெய்லரை வீழ்த்தி, முடிய இரண்டு விநாடி இருக்கும்போது சண்டையை நிறுத்த வைத்தாரே, அதற்கு இருக்க வேண்டிய நெஞ்சுரம் லட்சத்தில் ஒருவருக்கு இருக்காது. அந்த டெய்லர் விட்டேக்கரோடு ஒரே ஒலிம்பிக் அணியில் தங்கம் வாங்கியவர். சாவேஸின் பெருமை அந்த மாதிரிச் சண்டைகளில் இருக்கிறது, சான் அன்டோனியோ டிராவைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டிய அவசியம் அவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

கேள்வி: நடுவர்கள் பணம் வாங்கினார்களா?

பதில்: ஆதாரம் இல்லாமல் அப்படி எழுத மாட்டேன். பணம் வாங்காமலே தவறான தீர்ப்பு வர நிறைய வழி இருக்கிறது. மூன்று நடுவர்கள் ரிங்கின் மூன்று பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள், பல நேரம் ஒருவருடைய முதுகுதான் தெரியும். விட்டேக்கர் மாதிரிக் குட்டையாகக் குனிந்து உள்ளே புகுந்து அடிப்பவரின் குத்து பாதிக்குப் பாதி அந்த முதுகுக்குப் பின்னால் விழுகிறது. 60,000 பேர் ஒருவருடைய ஒவ்வொரு அசைவுக்கும் கத்தும்போது, கைமேல் பட்ட குத்துகூட முகத்தில் பட்டதுபோல் காதுக்குக் கேட்கும். போட்டி நடத்துபவர்தான் நடுவர்களின் சம்பளத்துக்கும் பயணச் செலவுக்கும் பணம் தருகிறார் என்ற ஏற்பாடும் ஆரோக்கியமானதல்ல, யாரும் யாரிடமும் எதுவும் சொல்லத் தேவையில்லாமலே அதன் நிழல் விழும்.

கேள்வி: டி லா ஹோயா சண்டையை மட்டும் ஏன் 'இப்படியும் அப்படியும்' என்கிறீர்கள்? அதிகக் குத்து இறக்கியது விட்டேக்கர்தானே, நாக்டவுனும் அவருடையது.

பதில்: நல்ல கேள்வி, இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். 1997 ஏப்ரல் 12, லாஸ் வேகாஸ், தாமஸ் அண்ட் மேக் சென்டர். டி லா ஹோயாவுக்கு 24 வயது, விட்டேக்கருக்கு 33. மூன்று மாதம் முன்னால்தான் டியோஸ்பெலிஸ் ஹுர்டாடோ என்ற க்யூபாக்காரரிடம் இரண்டு தடவை கீழே விழுந்து, மூன்று நடுவர் கணக்கிலும் பின்தங்கி, பதினோராவது சுற்றில் இடது கையாலேயே அடித்துச் சாய்த்துத் தப்பி வந்திருந்தார். கால்கள் பழையபடி இல்லை என்று அன்றைக்கே தெரிந்தது.

அந்தக் கால்களோடுதான் டி லா ஹோயாவை பன்னிரண்டு சுற்றும் குழப்பினார். எதிராளி இடதுகை ஆட்டக்காரர் என்பதால் டி லா ஹோயாவே நடுநடுவே நிற்கும் நிலையை மாற்றிப் பார்த்தார், வேலைக்காகவில்லை. குத்துகளை எண்ணியவர்கள் கணக்கிலும் விட்டேக்கர்தான் அதிகம் இறக்கியிருந்தார். ஆனால் அவற்றில் பெரும்பங்கு ஜாப். பலமான குத்துகளில் டி லா ஹோயா முன்னே. ஜாபுக்கு மதிப்பில்லை என்று சொல்ல வரவில்லை, எதிராளியின் தலையைப் பின்னால் தள்ளும் ஜாப் ஒரு விதம், தொட்டுவிட்டு வரும் ஜாப் இன்னொரு விதம். அன்றைக்கு இரண்டாவது வகையும் நிறைய இருந்தது. தவிர, விட்டேக்கர் பல தடவை வேடிக்கை காட்டுவதில் நேரத்தைக் கழித்தார், அந்த நேரத்தில் இன்னும் நாலு குத்து விட்டிருக்கலாம். அதனால்தான் இதைக் கொள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

ஆனால் ஸ்கோர் கார்டைப் பாருங்கள்: 115-111, 116-110, 116-110. கூட்டினால் ஒவ்வொன்றும் 226. வழக்கமான 228-இல் ஒன்று மூன்றாவது சுற்றில் தலைமோதலுக்காக ரிங்குக்குள் நின்ற ரெஃபரி மில்ஸ் லேன் விட்டேக்கரிடம் வெட்டிய புள்ளி, இன்னொன்று ஒன்பதாவது சுற்றில் டி லா ஹோயா விழுந்ததற்கு. (அந்த நாக்டவுனில் அடியைவிட நிலைதடுமாறியதுதான் அதிகம், ஆனாலும் நாக்டவுன் நாக்டவுன்தான்.) பிரித்துப் போட்டால் ஒரு நடுவர் விட்டேக்கருக்கு நான்கு சுற்று கொடுத்திருக்கிறார், மற்ற இருவர் மூன்றே மூன்று. அந்த மூன்றில் நாக்டவுன் சுற்று ஒன்று. அப்படியென்றால் மீதிப் பதினோரு சுற்றில் விட்டேக்கர் இரண்டில்தான் தேறினார் என்று இரண்டு பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இது நடந்த சண்டையின் கணக்கே அல்ல. நான் போட்டது ஆறுக்கு ஆறு, வெட்டிய புள்ளியும் நாக்டவுனும் ஒன்றையொன்று ஈடுகட்டி 113-113. ஒரு சுற்று இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகலாம், டி லா ஹோயாவுக்கு ஒன்றிரண்டு புள்ளியில் கொடுத்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

இரண்டரை ஆண்டு கழித்து, 1999 செப்டம்பரில், இதே டி லா ஹோயா டிரினிடாட்டைப் பெரும்பகுதி அழகாக ஏமாற்றி ஆடிவிட்டு, கடைசிச் சுற்றுகளில் விலகியே நின்றதால் தீர்ப்பில் தோற்றார். குத்துச்சண்டையில் தற்காப்பாக ஆடுபவருக்கு நடுவர்கள் எவ்வளவு கஞ்சத்தனம் காட்டுவார்கள் என்று அன்றைக்கு அவருக்கும் தெரிந்திருக்கும்.

கேள்வி: 40 வெற்றியில் 17 நாக்அவுட்தான். என் நண்பர்கள் அவர் சண்டையைப் பார்த்தால் தூக்கம் வருகிறது என்கிறார்கள்.

பதில்: தூக்கம் வருபவர்கள் குத்தும் ஆளை மட்டும் பார்க்கிறார்கள், குத்து எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. விட்டேக்கரின் பயிற்சியாளர் ஜார்ஜ் பென்டன், லூ டுவாவோடு சேர்ந்து அவரை வளர்த்தவர். பென்டன் தானும் ஒரு காலத்தில் ஃபிலடெல்ஃபியாவின் மிடில்வெயிட் வீரர், தற்காப்பில் மேதை. எதிராளியை விட்டு ஓடாமல், அடிபடும் தூரத்திலேயே நின்று அடிபடாமல் இருப்பது அவர் பள்ளிக்கூடம். இதுதான் கஷ்டம். தூரத்தில் நின்று தப்பிப்பதற்கு ஓடத் தெரிந்தால் போதும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எதிராளி வலது கையை நேராக விடுகிறார். சாதாரண ஆள் தலையைப் பின்னால் இழுப்பார், அல்லது கையைத் தூக்கித் தடுப்பார். விட்டேக்கர் முழங்காலை மடக்கி, எதிராளியின் இடுப்பு உயரத்துக்குக் கீழே போய்விடுவார். பின்னங்கால் பெருவிரல் மட்டும் தரையில், முன்னங்கால் எதிராளியின் முன்னங்காலுக்கு வெளியே. குத்து தலைக்கு மேலே போகும். எழுந்திருக்கும்போது நேராக எழுந்தால் அடுத்த குத்தில் மாட்டுவார், அதனால் பக்கவாட்டில் சுழன்று எழுவார், எழும்போதே இடது கை எதிராளியின் வயிற்றில் இருக்கும். எதிராளி திரும்புவதற்குள் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பார். இதற்குத் தேவையான தொடை வலுவை நினைத்துப் பாருங்கள், பன்னிரண்டு சுற்று, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம்.

நாக்அவுட் குறைவு என்பது உண்மைதான். கைவலு அவருக்குச் சுமார். 1990 ஆகஸ்டில் ஹுவான் நஸாரியோவை முதல் சுற்றிலேயே சாய்த்து மூன்று லைட்வெயிட் பட்டங்களையும் ஒன்றாக்கினார், ஆனால் அது விதிவிலக்கு. வலு இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் நடுவர்களின் பேனாவை நம்பியிருக்க வேண்டி வந்திருக்காது. அவருடைய திறமையில் நான் பார்க்கும் ஒரே ஓட்டை அது.

கேள்வி: ரோஜர் மேவெதரின் டிரவுசரைச் சண்டைக்கு நடுவே இழுத்துவிட்டாராமே, நிஜமா?

பதில்: நிஜம். 1987 மார்ச், நார்ஃபோக். குனிந்து பின்னால் போனவர் இழுத்துவிட்டார். ரசிகர்கள் கொண்டாடும் காட்சி, எனக்குப் பிடிக்காத காட்சி. ஜெயித்த சண்டை, எதிரில் நின்றவர் முன்னாள் உலக சாம்பியன், அவருக்கு உரிய மரியாதையைக் கொடுத்திருக்க வேண்டும். இந்த மாதிரி விளையாட்டு சில நடுவர்கள் மனதில் அவரைப் பற்றி ஓர் எண்ணத்தை உண்டாக்கியிருக்கும் என்றும் நினைக்கிறேன்.

கேள்வி: வெல்டர்வெயிட் வரலாற்றில் அவருக்கு எந்த இடம்? சுகர் ரே லெனார்டை ஜெயித்திருப்பாரா?

பதில்: 147-இல் சுகர் ரே ராபின்சன், லெனார்ட், ஹென்றி ஆம்ஸ்ட்ராங், ஹொசே நபோலஸ் இவர்களுக்குக் கீழே, முதல் பத்துக்குள் வைப்பேன். 1993 மார்ச் முதல் 1997 ஏப்ரல் வரை பட்டத்தைக் கையில் வைத்து எட்டு முறை காப்பாற்றினார். முதல் மெக்கர்ட் சண்டையில் மெக்கர்ட்டின் இடது தோள் சேதமாகியிருந்தது என்று குறை சொல்வார்கள், சரி, 1994 அக்டோபரில் அவரையே மறுபடி சந்தித்து, இரண்டாவது சுற்றில் கீழே விழுந்த பிறகும் எழுந்து ஒருமனதாக ஜெயித்தாரே. 1995 மார்ச்சில் 154 பவுண்டுக்குப் போய் அர்ஜென்டினாவின் ஹூலியோ சீசர் வாஸ்கெஸிடம் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

லெனார்டிடம் 147-இல் தோற்றிருப்பார் என்பது என் எண்ணம். லெனார்டுக்கு அதே வேகம், அதோடு முடித்துவைக்கும் கை. ஆனால் லைட்வெயிட்டில் கேட்டிருந்தால் பதில் வேறு. அங்கே ரொபர்ட்டோ டுரான், பென்னி லெனார்ட் பெயர்களோடு ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய ஆள் விட்டேக்கர். அவருடைய உச்சம் 1989 முதல் 1994 வரை, அதில் முதல் பாதி 135 பவுண்டில் போனது. வெல்டர்வெயிட்டில் நாம் பார்த்தது உச்சத்தின் பின்பாதியும் அதன் இறக்கமும்.

கேள்வி: டி லா ஹோயாவுக்குப் பிறகு ஏன் எழவே இல்லை? தீர்ப்பு மனதை உடைத்துவிட்டதா?

பதில்: மனதுக்குள் என்ன நடந்தது என்று நான் சொல்ல முடியாது. நடந்ததைச் சொல்கிறேன். 1997 அக்டோபரில் ஆந்த்ரே பெஸ்த்ரியாயெவை ஜெயித்தார், போதைப்பொருள் சோதனையில் சிக்கியதால் அந்த வெற்றியை ரத்து செய்தார்கள். 1999 பிப்ரவரியில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டிரினிடாட். இரண்டாவது சுற்றில் விழுந்தார், தாடை எலும்பு உடைந்தது, உடைந்த தாடையோடு பன்னிரண்டு சுற்றும் நின்றார். 35 வயது உடம்பு, வருடக்கணக்கில் அதை அவரே பாழாக்கியும் இருந்தார், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. எல்லாப் பழியையும் நடுவர்கள் தலையில் போட்டால் அது அவருடைய வாழ்க்கைக்கும் நியாயம் செய்யாது. 2019 ஜூலை 14 அன்று வர்ஜீனியா பீச்சில் சாலையைக் கடக்கும்போது வண்டி மோதி 55 வயதில் காலமானார்.

கேள்வி: புதிதாகப் பார்ப்பவன் நான். எந்தச் சண்டையிலிருந்து ஆரம்பிக்கலாம், நானே புள்ளி போட்டுப் பார்ப்பது எப்படி?

பதில்: நேராக சாவேஸ் சண்டைக்குப் போகாதீர்கள், கண் பழகியிருக்காது. முதலில் 1990 மே, அஸுமா நெல்சன். கானாவின் அந்த மாவீரனைப் பன்னிரண்டு சுற்றும் குறிபார்க்கவே விடாமல் வைத்திருக்கிறார். அப்புறம் இரண்டாவது ராமிரெஸ், இரண்டாவது மெக்கர்ட். அதற்குப் பிறகு சாவேஸ்.

புள்ளி போடும்போது வர்ணனையின் சத்தத்தை நிறுத்திவிடுங்கள், அது மிக முக்கியம், வர்ணனையாளர் யார் பக்கம் பேசுகிறாரோ அந்தப் பக்கம் நம் கண் போய்விடும். ஒவ்வொரு சுற்றும் முடிந்தவுடன் தாளில் எழுதி மடித்து வையுங்கள், முந்தைய சுற்றைத் திரும்பிப் பார்த்துத் திருத்தாதீர்கள், நடுவர்களுக்கும் அந்த வசதி கிடையாது, சுற்று முடிந்ததும் சீட்டை ரெஃபரி வாங்கிக்கொண்டு போய்விடுவார். சமச்சுற்று போடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். குத்து விட்டவரின் கையைப் பார்க்காமல், வாங்கியவரின் தலையைப் பாருங்கள்: தலை பின்னால் போனால் குத்து விழுந்தது, போகவில்லை என்றால் கை உறையில்தான் பட்டது.

சாவேஸ் சண்டைக்கு நீங்கள் போட்ட கணக்கை எனக்கு எழுதி அனுப்புங்கள், சாவேஸ் ஜெயித்தார் என்று வந்தாலும் சரி. எந்தெந்தச் சுற்று யாருக்கு என்று தனித்தனியாக எழுதுங்கள், மொத்தம் மட்டும் அனுப்பினால் பேச முடியாது.